தனிமனிதப் பொறுப்பும் பரிந்து பேசும் திருப்பணியும்: கீழ்வெண்மணி முதல் வாச்சாத்தி வரை

முன்னுரை

பட்டாபிராமில் திருப்பணி செய்கிறவர் எவரும் சீருடையை அறியாமல் இருக்க இயலாது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப் பாதையில் இருந்து இவ்வூருக்கென்று பிரிந்து வரும் கிளைப் பாதையின் நிலையத்தை இன்றும் மக்கள் 'மிலிட்டரி சைடிங்' என்றே அழைக்கின்றனர். பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. விமானப் படை நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் மத்திய ரிசர்வ் காவல் படையினரும் தங்கும் முகாம்கள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்கு வரும் குடும்பங்களில் பல, கட்டளையிடுதலையும் கீழ்ப்படிதலையும் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள். அவர்களுடைய நேர்மையையும் ஒழுங்கையும் நான் பல ஆண்டுகளாகக் கண்டு மதித்து வருகிறேன்.

இத்தகைய சூழலில், ஓர் மாலை வேதபாட வகுப்பில் 1 சாமுவேல் 22ஆம் அதிகாரத்தைப் போதித்தபோது, பணி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். மேலதிகாரி சொன்னதைச் செய்தவன் எப்படிக் குற்றவாளி ஆவான்?" என்று கேட்டார். அவர் வாதத்துக்காகக் கேட்கவில்லை என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது. அதே வாரத்தில் இறையியல் வகுப்பில் மாணவர் ஒருவர் மற்றொரு கேள்வியை எழுப்பினார். "பாதிக்கப்பட்டோருக்காகப் பரிந்து பேசுவது வழக்கறிஞர் வேலை; நம்முடைய வேலை ஆறுதல் சொல்வதல்லவா?" என்பது அவர் கேள்வி.

இவ்விரு கேள்விகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கொடுமை செய்தவனுடைய பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது முதல் கேள்வி. அதை அறிந்தவனுடைய பொறுப்பு எங்கே முடிகிறது என்பது இரண்டாவது. இவற்றுக்கு நம்முடைய தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நோப் பட்டணம் கற்பிப்பது

வகுப்பில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த பகுதியையே முதலில் நோக்குவோம். தாவீது சவுலுக்குத் தப்பி ஓடுகையில் நோப் பட்டணத்து ஆசாரியனாகிய அகிமெலேக்கினிடம் அப்பமும் பட்டயமும் பெற்றுக்கொண்டான். உண்மையை மறைத்தே அவற்றைப் பெற்றான். அன்று அங்கே ஏதோமியனாகிய தோவேக்கு இருந்தான். அவன் செய்தியை அரசனுக்கு எட்டவைத்தான். சினங்கொண்ட சவுல், ஆசாரியர்களைக் கொல்லும்படி தன்னுடைய சேவகருக்குக் கட்டளையிட்டான்.

இவ்விடத்தில் வேதாகமம் ஒரு சிறிய செய்தியைப் பதிவுசெய்கிறது. நாம் பெரும்பாலும் அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். அரசனுடைய சேவகர் கர்த்தரின் ஆசாரியர்மேல் கைநீட்ட மனதில்லாதிருந்தார்கள். அவர்கள் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்யவில்லை. நீண்ட விளக்கம் எதுவும் கூறவில்லை. கையை நீட்டவில்லை, அவ்வளவே. அதே கட்டளையை அதே வேளையில் கேட்ட தோவேக்கு எண்பத்தைந்து பேரை வெட்டினான். கட்டளை ஒன்றே, கேட்ட செவிகளும் ஒரே இடத்தில் இருந்தவை, செயல்கள் வேறுபட்டன. கட்டளைக்கும் கரத்துக்கும் இடையில் ஒரு மனச்சாட்சி இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. அம்புக்கு அந்த இடைவெளி இல்லை. மனிதனுக்கு உண்டு. ஆகவே பழமொழி அம்பைப் பற்றி உண்மையே கூறுகிறது. மனிதன் அம்பாகிவிட்டான் என்று நாம் கருதும்போதுதான் தவறு நேர்கிறது.

இவ்வதிகாரத்தின் முடிவு மேலும் கூர்மையானது. படுகொலைக்குத் தப்பிய அபியத்தார் தாவீதிடம் ஓடி வந்து செய்தியைச் சொன்னபோது, தாவீது சவுலைக் குறைகூறித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. தோவேக்கு அன்று அங்கே இருந்ததைத் தான் கண்டதாகவும், அவன் அறிவிப்பான் என்று அப்போதே அறிந்திருந்ததாகவும், அக்குடும்பத்தின் சாவுக்குத் தானே காரணம் என்றும் ஒப்புக்கொண்டான். பின்பு அபியத்தாரைத் தன்னிடத்தில் இருக்கும்படியும் அஞ்சாதிருக்கும்படியும் சொன்னான். தன் பங்கை ஒப்புக்கொள்ளுதலும் தப்பியவனுக்குப் புகலிடம் தருதலும் ஒரே மூச்சில் நிகழ்ந்தன. பொறுப்பேற்றலும் பரிந்து நிற்றலும் இரண்டு வெவ்வேறு கடமைகள் அல்ல என்பதற்கு இதுவே நம்முடைய முதல் ஆதாரம்.

2. தொலைவை அளந்த மூப்பர்கள்

உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் விந்தையான ஒரு நியமம் காணப்படுகிறது. வெட்டவெளியில் கொலையுண்டு கிடக்கும் ஒருவனைக் கொன்றவன் யார் என்று தெரியாதிருந்தால், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்களுக்கு உரிய தொலைவை அளக்கவேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர் கிடாரியைக் கொண்டுவந்து, தங்கள் கைகள் இதைச் செய்யவில்லை, கண்கள் காணவில்லை என்று அறிக்கையிட்டு மன்னிப்பு வேண்டவேண்டும். ஆசாரியரும் அங்கே வந்து நிற்கவேண்டும். ஏனெனில் வழக்குகளும் அடிதடிச் சேதங்களும் அவர்கள் வாக்கினால் தீர்க்கப்படவேண்டியவை. கொன்றவன் தெரியவில்லை என்பதால் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அது அருகில் இருப்பவரை நோக்கி நகர்கிறது. திருப்பணியாளன் அவ்வளவையின்போது ஆலயத்தில் இருக்கக் கூடாது, களத்தில் இருக்கவேண்டும் என்பது இந்நியமத்தின் தெளிவான கருத்து.

இவ்வாறு தொலைவை அளந்தவர்கள் நம்முடைய சுற்றுப்புறத்திலேயே இருந்திருக்கிறார்கள். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும் இப்பகுதி முற்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மாவட்டத்தின் நிலமற்ற தலித் மக்கள் கடனாலும் அடிமைத்தனத்தாலும் பிணிக்கப்பட்டிருந்த நிலையை, செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் ஆதம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் வெளிப்படையாக எடுத்துரைத்தனர். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரெமன்ஹீர் இம்மக்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே, பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற நிலங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன.

மிஷனெரிகளின் நோக்கங்களில் கலப்பே இல்லை என்று வரலாற்று மாணவன் சொல்ல மாட்டான். சபை வளர்ச்சியும் அவர்கள் கருத்தில் இருந்தது. அவர்களுடைய முயற்சியால் அநீதி முடிவுக்கு வந்துவிடவும் இல்லை. அந்நிலங்களில் பல கைமாறிப்போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் காரணை நிலப் போராட்டத்தைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். எனினும், ஆறுதல் கூறுவதோடு நில்லாமல் அரசுக்கு எழுதுவதும் திருப்பணியே என்று கருதிய ஒரு தலைமுறை இம்மண்ணில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

3. கீழ்வெண்மணி: நம்பப்படாத சாட்சியம்

1968 டிசம்பர் 25. நம்முடைய ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை நிறைவுற்று, குடும்பங்கள் விருந்துண்டு இளைப்பாறிய இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழைப் பகுதியில், நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில், தலித் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பை நிலவுடைமையாளர் தரப்பினர் தாக்கினர். நெற்கூலியை உயர்த்திக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததுமே தொழிலாளர் செய்த குற்றம். உயிருக்கு அஞ்சிச் சிறு குடிசை ஒன்றில் புகுந்தவர்கள்மேல் தீ வைக்கப்பட்டது. 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

விசாரணை நீதிமன்றம் 1970இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் கூறப்பட்ட ஒரு காரணம் இன்றளவும் மக்கள் நினைவில் இருக்கிறது: பெருநிலம் உடையவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நேரில் நடந்துவந்து குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பதே அது.

இந்த வாதத்தை நாம் சற்று நின்று ஆராயவேண்டும். சமூகத்தில் ஒருவன் வகிக்கும் இடமே அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்றாகிறது. அவன் கையால் செய்திருக்கமாட்டான், ஆள் வைத்துத்தான் செய்திருப்பான் என்று எண்ணி அவனை விட்டுவிடுகிறோம். ஆளாக வந்தவனையோ, அவன் சொன்னதைச் செய்தவன்தானே என்று விட்டுவிடுகிறோம். எய்தவன் கௌரவத்தால் தப்புகிறான். அம்பு கீழ்ப்படிதலால் தப்புகிறது. நாற்பத்துநான்கு பேர் எரிந்த பின்பு எரித்தவர் என்று ஒருவரும் எஞ்சவில்லை.

பொறுப்பை நீதிமன்றம் நிலைநாட்டத் தவறும்போது பழிவாங்குதல் அவ்விடத்தை எடுத்துக்கொள்கிறது. 1980இல் நாயுடு கொலை செய்யப்பட்டார். அதனால் வெண்மணியின் தாய்மாருக்கு நியாயம் கிடைத்தது என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்ல இயலாது. அங்கே நியாயத்துக்காக வேறொரு வழியில் உழைத்தவர்களும் இருந்தனர். சர்வோதயத் தொண்டர்களாகிய சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அப்பகுதிக்குச் சென்று, நிலமற்ற பெண்களுக்கு நிலம் பெற்றுத் தருவதைத் தங்கள் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டனர். 1981இல் அவர்கள் தொடங்கிய லாப்டி இயக்கம் அதன் கனியாகும்.

4. வாச்சாத்தி: 269 பெயர்கள்

வெண்மணித் தீர்ப்பு வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் கிராமத்தில் நிகழ்ந்ததை இனி நோக்குவோம். 1992 ஜூன் 20ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என 269 அரசு ஊழியர்கள் அக்கிராமத்தில் நுழைந்தனர். மக்கள் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். அவர்களுள் சிறுமியும் உண்டு. வீடுகள் இடிக்கப்பட்டன, உடைமைகள் சூறையாடப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் வழக்குத் தொடரப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். கொடுமைக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாக எழுதப்பட்டனர்.

செய்தி வெளியுலகை எட்டச் சில வாரங்கள் ஆயின. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகமும் அவருடைய தோழர்களும் அவ்வூருக்குச் சென்றபோது அங்கே கண்டது வெறிச்சோடிய இடிபாடுகளையே. அன்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். அன்றைய மாநில அரசு குற்றச்சாட்டை மறுத்தது. தொடக்கத்தில் நீதிமன்றத்திலும் ஐயமே எழுந்தது. கற்றறிந்த அரசு ஊழியர்கள் இத்தனை பேர் கூடி இவ்வாறு நடந்திருப்பார்களா என்ற அந்த ஐயம், வெண்மணியில் நாம் கேட்ட வாதத்தின் மறுபிறப்பேயாகும்.

எனினும் இம்முறை சாட்சியம் அவியவில்லை. தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி, 1992இலேயே அவ்வூருக்குச் சென்று விசாரித்து, நடந்தது உண்மையென அறிக்கை அளித்தார். அவரும் ஓர் அரசு அதிகாரி என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும். அரசு இயந்திரத்தின் உள்ளேயிருந்தே அவர் உண்மையைச் சொன்னார். கையை நீட்ட மனதில்லாதிருந்த சவுலின் சேவகரைப்போல, அதிகாரத்தின் அருகில் நின்றும் மனச்சாட்சியை இழவாதவர்கள் எக்காலத்திலும் உண்டு. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு ஆணையிட்டது. 1996இல் 269 பேர்மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

அதன் பின்னும் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்களுக்குத் தீங்கிழைத்தவர்களை அடையாள அணிவகுப்பில் நேருக்கு நேர் நின்று சுட்டிக்காட்டினார்கள். நீதிமன்றத்துக்கும் ஊருக்குமாக அலைந்தார்கள். கூலியை இழந்தார்கள், மிரட்டலைக் கேட்டார்கள், ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் சென்ற விதவையின் உவமையை நாம் ஜெபத்தைப் பற்றியதாக மட்டுமே பிரசங்கித்து வருகிறோம். வாச்சாத்தியின் பெண்கள் அதன் நேர்ப்பொருளை நமக்கு விளக்கினார்கள்.

2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டனர். அவர்களுள் வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர். பாலியல் வன்கொடுமைக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச் மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்வையிட்டார். உபாகமத்தின் நியாயாதிபதிகள் வெளியே புறப்பட்டுப்போனதை இது நமக்கு நினைவூட்டுகிறது. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் அவர் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும். வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து அதில் 5 இலட்சத்தை வசூலிக்கவேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார்.

இத்தீர்ப்பின் சிறப்பு யாது? பொறுப்பு இரு திசையிலும் பங்கிடப்பட்டது என்பதே. கீழே கரம் நீட்டியவனும் தப்பவில்லை. மேலே கண்டும் காணாதிருந்தவனும் தப்பவில்லை. இழப்பீட்டின் ஒரு பகுதி அரசுக் கருவூலத்திலிருந்து மட்டுமன்றிச் செய்தவன் கையிலிருந்தே வரவேண்டும் என்றும் கூறப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945–46இல் கூடிய நூரம்பர்க் நீதிமன்றத்தின் சாசனம், மேலிடத்துக் கட்டளை ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றும், தண்டனையைக் குறைப்பதற்கு மட்டுமே அதைக் கருதலாம் என்றும் வகுத்திருந்தது. உலகம் பெரும் அழிவின் பின் கற்றுக்கொண்ட அப்பாடத்தை, சித்தேரி மலையடிவாரத்தின் பழங்குடிப் பெண்கள் நம்முடைய மொழியில் நமக்குக் கற்பித்தனர்.

5. எவருடைய பெயர் வெளியே வரவேண்டும்?

யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எபிரெயக் குழந்தைகளைக் கொல்லக் கட்டளையிட்ட எகிப்திய அரசனுடைய பெயர் இல்லை. பார்வோன் என்ற பட்டம் மட்டுமே இருக்கிறது. அக்கட்டளைக்கு இணங்காத மருத்துவச்சிகளாகிய சிப்பிராள், பூவாள் இருவருடைய பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. எவரை நினைவுகூர வேண்டும் என்பதில் வேதாகமத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு.

நம்முடைய சபைகளிலோ இது தலைகீழாக நடைபெறுகிறது. ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நேர்ந்தால், அவளுடைய பெயர் மறுநாளே சபை முழுவதும் பரவிவிடுகிறது. ஜெப விண்ணப்பம் என்ற போர்வையிலும் பரவுகிறது. செய்தவனுடைய பெயர் மட்டும் 'ஒரு சகோதரர்' என்று மறைந்துகொள்கிறது. சபையின் நற்பெயர், குடும்பத்தின் மானம், மன்னிப்பின் கடமை என்று பல திரைகளை நாமே நெய்து தருகிறோம். நாட்டின் சட்டமோ பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பட்டவளை மறைத்துக் காக்கவேண்டும், செய்தவனை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்னும் ஒழுங்கில், சட்டம் நம்மைவிட வேதாகமத்துக்கு அருகில் நிற்கிறது.

திருச்சபை பொதுவாகப் பாவ அறிக்கை செய்வதும் போதாது. 1945 அக்டோபரில் ஜெர்மானியச் சுவிசேஷ சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் தங்கள் சபையின் குற்றத்தை அறிக்கையிட்டனர். அக்காலத்தில் அது துணிவான செயல். ஆயினும் யூத மக்களுக்கு நேர்ந்ததை அவ்வறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்ற குறை பின்னர் பலராலும் சுட்டப்பட்டது. எவருக்கு எதிராக என்ன செய்தோம் என்று சொல்லாத அறிக்கை, அறிக்கையிட்டவனுடைய மனப்பாரத்தைக் குறைக்கலாம். பாதிக்கப்பட்டவனுடைய பாரம் அப்படியே இருக்கிறது.

இவ்வாறு எழுதுகிற நான் என்னுடைய பங்கை மறைத்தல் தகாது. 1992இல் நான் இறையியல் கற்கும் இளைஞன். அவ்வாண்டின் எங்கள் ஜெபக் குறிப்புகளில் உலகின் பல நாடுகள் இடம்பெற்றன. வாச்சாத்தியின் பெயர் ஒருமுறையும் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. அதைவிட அருகிலுள்ள ஒரு காரியமும் உண்டு. ஆயராகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரில், கணவனால் அடிக்கப்பட்ட ஒரு பெண் மாலையில் ஆயர் இல்லத்துக்கு வந்தார். கணவர் சபையில் மதிப்புள்ளவர். அவர் இப்படிச் செய்திருப்பார் என்று என் மனம் நம்ப மறுத்தது. நான் ஜெபித்தேன், பொறுமையைப் பற்றிச் சில வசனங்களைச் சொன்னேன், வீடு வரை கொண்டுபோய் விட்டுவந்தேன். அன்றிரவு என்ன நடந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அதன் பின் அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. சில மாதங்களில் சபையைவிட்டே சென்றுவிட்டார். கணவர் தம்முடைய இடத்தில் தொடர்ந்து அமர்ந்திருந்தார். மதிப்புள்ள மனிதர் இதைச் செய்யமாட்டார் என்னும் வெண்மணியின் வாதத்தை, ஆயர் இல்லத்தின் முன்னறையில் நானே கூறியிருக்கிறேன். எனக்கு எவரும் கட்டளையிடவில்லை. தாவீதைப்போல, நான் அன்று அறிந்திருந்தேன்.

6. தேற்றரவும் பரிந்து பேசுதலும்

இப்போது மாணவருடைய கேள்விக்கு வருவோம். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவரைக் குறிக்கும் பாராக்லேட்டோஸ் என்னும் கிரேக்கச் சொல்லை நம்முடைய தமிழ் வேதாகமம் தேற்றரவாளன் என்று மொழிபெயர்க்கிறது. அதே சொல் 1 யோவான் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவைக் குறிக்கும்போது பரிந்து பேசுகிறவர் என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. வழக்கு நேரத்தில் துணை நிற்கும்படி அருகே அழைக்கப்பட்டவர் என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். இரண்டு தமிழ்ச் சொற்களும் சரியானவையே. ஆனால் நம்முடைய திருப்பணியில் முதற்சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாவதை வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டோம். கிரேக்கத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் பிரிக்கலாகாது. நியாயத்துக்காக உடன் நிற்காதவன் தரும் ஆறுதல், வேண்டாதவரை வாயிலிலிருந்து அனுப்பிவைக்கும் இன்சொல்லாகவே முடியும்.

ஆகவே திருப்பணியாளர் கடைப்பிடிக்கவேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுவது தகும். முதலாவது, வருகிறவரின் சொல்லை நம்பிக் கேட்டல். விசாரித்துத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. செவிகொடுப்பது நம் வேலை. இரண்டாவது, அவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திரும்ப அனுப்பாதிருத்தல். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டிருக்கின்றனர். அவரை அணுக உடன் செல்லுதல் ஆயர் சந்திப்பின் ஒரு பகுதியே. மூன்றாவது, குழந்தைகளைப் பற்றியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது, தெரிவிக்காதிருத்தல் தண்டனைக்குரியது. ஆயருக்கு இதில் விதிவிலக்கு இல்லை. சபைக் குழுவைக் கூட்டித் தீர்த்துக்கொள்வோம் என்பது இங்கே சட்டத்துக்கும் விரோதம், குழந்தைக்கும் விரோதம். நான்காவது, நெடுங்காலம் உடன் நிற்றல். வாச்சாத்தியின் வழக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பை எட்ட முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. ஆயர் மாற்றலாகிச் செல்லலாம், சபை இருக்கிறது. பொறுப்பை அடுத்தவரிடம் எழுதி ஒப்படைத்துச் செல்லுதல் வேண்டும்.

குற்றம் செய்தவனுக்கும் நம்மிடம் ஒரு கடமை உண்டு என்பதை மறுக்கவில்லை. அவனுடைய ஆத்துமாவும் நம் பராமரிப்புக்கு உரியது. ஆனால் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் போதிப்பதுபோல், ஒவ்வொருவனும் தன்தன் செயலுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவன். மனந்திரும்பும் வாயிலும் அவனவனுக்கே திறக்கப்படுகிறது. கூட்டத்துக்குள் மறைந்திருப்பவன் மனந்திரும்பவும் இயலாது. அவன் பெயரைச் சொல்லி அழைப்பதே அவனுக்கு நாம் செய்யும் முதல் ஊழியம்.

முடிவுரை

வேதபாட வகுப்பில் கேள்வி கேட்ட சகோதரருக்கு அன்று நான் சவுலின் சேவகரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அனைவரும் சென்ற பின் என்னிடம் வந்து, "அந்தச் சேவகருடைய பெயர்கள் எழுதப்பட்டிருக்கிறதா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்லை, கை நீட்டவில்லை என்று எழுதியிருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பணிக்காலத்தின் எந்த நாளை அவர் எண்ணினார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்ல விரும்பும் நாளில் கேட்பேன்.

பட்டாபிராமிலிருந்து வாச்சாத்தி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, கீழ்வெண்மணியும் அவ்வாறே. ஆயர் இல்லத்தின் வாயிலோ நமக்குச் சில அடி தூரம். உபாகமத்தின் மூப்பர்கள் கையில் எடுத்த அளவுநூலை நாம் எடுத்தால், அது முதலில் தொடும் இடம் எது என்பதை ஒவ்வொரு திருப்பணியாளரும் தமக்குத்தாமே அறிவார். அங்கிருந்து தொடங்குவோமாக.